கோழித் தலை யார் பக்கம்?

லூகாங் ஊரைத் தாண்டி, குழாய் செய்கிற பட்டறைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில்தான் ஷீ முதலாளியின் தொழிற்சாலை. போன இலையுதிர் காலத்தில் அங்கே ஒரு கூத்து நடந்தது. முதலாளியின் மகள் ஸின்பெய், தைப்பேயில் ஏதோ பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு அப்பாவுக்கு ஒத்தாசையாக வந்து சேர்ந்த புதிது. ஒரு நாள் மதியம் இயந்திரங்களையெல்லாம் நிறுத்தச் சொல்லி, அத்தனை பேரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டாள்.

"நாம எதுக்காக இந்த வேலையச் செய்றோம்? நம்ம எல்லாருக்கும் பொதுவா, பெருசுன்னு நினைக்கிற விஷயம் எது? மனசுல பட்டதச் சொல்லுங்க, தப்பு சரின்னு ஒண்ணும் இல்ல."

ஆளாளுக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். பிறகு லேத்தில் நிற்கிற குன்சான் கையைத் தூக்கினார். அந்த மனிதர் கையைத் தூக்கினாலே பாதிப் பேர் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள்.

"வீட்ல இருந்தா பொண்டாட்டி துணி மடிக்கச் சொல்றாம்மா. அதுக்காகத்தான் நான் வர்றேன்."

கூடமே அதிர்ந்தது. அப்புறம் என்ன, ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருவன் சம்பளம் என்றான், ஒருவன் இங்கே குளிர்சாதனம் நன்றாக இருக்கிறது என்றான், இன்னொருத்தி வெள்ளிக்கிழமை போடுகிற பன்றிக்கறிச் சோற்றுக்காக என்றாள். ஸின்பெய் முகம் சிவந்துபோய், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பாவம், அந்தப் பெண் நல்ல மனதோடுதான் கேட்டாள். கேட்ட விதம்தான் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி ஆகிவிட்டது.

பெட்டி கட்டும் பிரிவின் தலைவி பாவ்லியென் அன்று சிரிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. அவளிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சபையில் சொன்னால் குன்சான் ஆறு மாதத்துக்கு விடமாட்டார் என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள். விஷயம் இதுதான்: பாவ்லியென் எந்த ஊருக்குப் போனாலும், ரயில் நிலையமோ ஆஸ்பத்திரியோ கோயிலோ, கை கழுவுகிற சாக்கில் குனிந்து குழாயின் அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். அங்கே சின்னதாக அவர்கள் தொழிற்சாலையின் மீன் முத்திரை இருந்துவிட்டால் போதும், பக்கத்தில் நிற்கிறவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சரி, "இது நாங்க பண்ணது" என்று சொல்லிவிடுவாள். தைச்சுங் ரயில் நிலையத்தில் இப்படி ஒரு அம்மாளைப் பிடித்து நிறுத்தியதில், கல்லூரிக்குப் போகிற பாவ்லியெனின் மகன் வெட்கப்பட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டான். இருபத்திரண்டு வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிறவளுக்கு இவ்வளவு பெருமை கூட இல்லாவிட்டால் எப்படி?

அந்தப் பெருமைதான் சந்திர நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதத்தில் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

வருஷக் கடைசியின் பெரிய ஆர்டர். கடல் கடந்த நாடு ஒன்றில் ஆரம்பப் பள்ளிகளில் வைக்கிற குடிநீர்க் குழாய்கள். குடிக்கிற தண்ணீர் என்பதால் ஈயம் கலக்காத பித்தளையில்தான் செய்ய வேண்டும். ஈயம் உள்ளே போனால் வளர்கிற பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் அது தெரியும். அவசர வேலையில் எவரோ ஈயம் கலந்த பித்தளைக் கம்பிகளைக் கொண்டுவந்து கலக்காத கம்பிகளின் அடுக்கில் வைத்துவிட்டார்கள். கடைந்து, மெருகேற்றி, முலாம் பூசிய பிறகு எல்லாம் ஒரே பளபளப்பு. பெட்டி கட்டும்போது பாவ்லியெனின் பிரிவில் ஈயத்தைக் காட்டிக்கொடுக்கிற கருவியை வைத்துச் சோதிக்கையில்தான் ஒரு குழாய் மாட்டியது. இன்னொரு பெட்டியைப் பிரித்தாள், அதிலும் ஒன்று. மூன்றாவது பெட்டியில் இல்லை. நான்காவதில் இரண்டு. எந்தப் பெட்டியில் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரிய வேண்டுமானால் கட்டி அடுக்கிய அத்தனையையும் திறந்து ஒவ்வொன்றாகச் சோதித்தாக வேண்டும்.

மேலாளர் லாய் ஓடி வந்தார். கெட்டவர் இல்லை அவர். கப்பல் தேதி என்று ஒன்று தலைக்கு மேல் தொங்கினால் எவருக்கும் புத்தி கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.

"அக்கா, கப்பல் போயிடும். புத்தாண்டு வந்துட்டா துறைமுகத்துல ஈ காக்கா இருக்காது. ஏதோ ஒண்ணு ரெண்டு கலந்திருக்கு. மாட்டினத எடுத்துப் போட்டுட்டு மிச்சத்துக்கு உன் பேர் முத்திரைய வெச்சுடு."

"ஒண்ணு ரெண்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எண்ணிப் பாத்தீங்களா?"

"வெளியில பாத்தா யாருக்குக்கா தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள் பாவ்லியென். "அந்தத் தண்ணியக் குடிக்கப்போறது ஆறு வயசு ஏழு வயசுப் பிள்ளைங்க. நான் வெக்க மாட்டேன்."

"மேல கேட்டா நான் என்ன சொல்ல?"

"வெக்க மாட்டேன்னுட்டான்னு சொல்லுங்க."

அனுப்புகிற தாளில் பாவ்லியெனின் பெயர் செதுக்கிய முத்திரை விழுந்தால்தான் சரக்கு வாசலைத் தாண்டும். வேறு ஒருவர் பெயர் விழ வேண்டுமானால் முதலாளி அவளை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட வேண்டும். அவள் முத்திரையை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் ஷீ முதலாளி இறங்கி வந்தார். அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஏதாவது திட்டியிருந்தால் கூட மனது ஆறியிருக்கும். மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் படியேறிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் இருக்கிறதே, அப்பப்பா! மாடியிலிருந்து சத்தம் இல்லை. பெட்டிகள் நின்ற இடத்தில் நின்றன. பாவ்லியென் சாப்பிட உட்கார்ந்தால் எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது. வருஷக் கடைசி போனஸ் எல்லாம் அந்தச் சரக்கை நம்பித்தான் இருந்தது, எல்லாருக்கும் அது தெரியும். குன்சான் கூட அவளைக் கண்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் போனார். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விட வலித்தது. வேலை போவது கிடக்கட்டும், இத்தனை வருஷம் கூட நின்றவர்களுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேனே என்று குமைந்தாள்.

வீட்டுக்காரர் சிப்பி வியாபாரி. அவரிடம் சொன்னபோது சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு யோசித்தார்.

"போனாப் போவுது விடு. நம்ம கொட்டகையில வந்து சிப்பி உடை. எனக்கும் ஆள் கூலி மிச்சம்."

"நான் சிப்பி உடைக்கப் பொறந்தவ இல்ல" என்று சீறினாள். "எனக்கு என் இடம் வேணும்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே உறைத்தது. அந்த மேசை, அந்தக் கருவி, அந்த அட்டைப்பெட்டி வாசனை, எல்லாம் அவளுக்கு வேண்டும். ஆனால் முத்திரையை வைத்துவிட்டு அந்த இடத்தில் நிற்க அவளால் முடியாது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

வருஷக் கடைசி விருந்து நாள் வந்தது. மதியமே மண் காக்கும் சாமிக்குப் படையல் ஆகிவிட்டது. தொழிற்சாலை முற்றத்தில் சிவப்புக் கூடாரம் போட்டு, வட்ட மேசைகள் போட்டு, நடுவில் சுழல் தட்டு வைத்து, ஓரத்தில் பெரிய அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. பரிசுக் குலுக்கலுக்கு சைக்கிளும் சோறு வேகவைக்கிற பானைகளும் மேடையில் ரிப்பன் கட்டி நின்றன.

வியட்நாமிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஹான், பெட்டி கட்டுவதில் பாவ்லியெனுக்கு வலது கை. அவள் வந்து காதோரம் கிசுகிசுத்தாள்.

"அக்கா, கோழி வருமே."

"வந்தா தின்னு."

"வெளையாடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

பயப்படாமல் என்ன செய்வாள்? வருஷக் கடைசி விருந்தில் முழுக் கோழி வைத்தால் அதன் தலை யார் பக்கம் பார்க்கிறதோ, அவருக்குப் புத்தாண்டுக்கு மேல் வேலை இல்லை என்று அர்த்தம். வாயால் சொல்ல நாக்கு கூசுகிற முதலாளிமார் அந்தக் காலத்தில் கண்டுபிடித்த வழி. இப்போதெல்லாம் நாகரிகமானவர்கள் தலையை வெட்டிவிட்டுத்தான் வைக்கச் சொல்கிறார்கள். ஷீ முதலாளியும் அப்படித்தான். ஆனால் இந்த வருஷம் பழைய சமையல்காரர் மகளுக்குப் பிரசவம் என்று போய்விட, புதிதாக ஒரு ஆள் வந்திருந்தார், அ-ஃபூ என்று பெயர், அடுப்படியிலிருந்து பேசினால் கடற்கரைக்குக் கேட்கும்.

குளிர்ந்த பதார்த்தங்கள் வந்தன. மீன் வந்தது. பன்றிக்கறியை நடுவில் வைத்து மடித்த பன் வந்தது. பாவ்லியென் எதையும் ருசி பார்க்கவில்லை. அவள் மேசையில் ஹான், குன்சான், மெருகேற்றும் பிரிவிலிருந்து நாலு பேர், பண்டகசாலைக்காரர்கள் இரண்டு பேர். எல்லாரும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்கள்.

பரிமாறுகிற பெண் இரண்டு கையிலும் தட்டுகளை ஏந்தி அரக்கப்பரக்க வந்தாள். ஒரு முழுக் கோழியை டொக்கென்று சுழல் தட்டில் வைத்துவிட்டு அடுத்த மேசைக்கு ஓடினாள். கொண்டையோடு கூடிய தலை. கழுத்தை நீட்டிக்கொண்டு, அந்தக் கோழி நேராக பாவ்லியென் முகத்தைப் பார்த்தது.

மேசையில் இருந்தவர்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஆக, இதுதான் பதில். மாடியிலிருந்து இத்தனை நாள் வராத வார்த்தை தட்டில் வந்துவிட்டது. அழக்கூடாது, இவர்கள் முன்னால் மட்டும் அழக்கூடாது என்று பாவ்லியென் பல்லைக் கடித்துக்கொண்டாள். எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைத் தள்ளினாள்.

"எங்க போற? உக்காரு" என்றார் குன்சான்.

கையை நீட்டிச் சுழல் தட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். கோழி கிர்ரென்று பாதி வட்டம் சுற்றி, அவருக்கு நேராக வந்து நின்றது.

"அண்ணே!" என்றாள் ஹான்.

"என்ன அண்ணே? அந்தக் கம்பிய லேத்துல ஏத்தினவன்ல நானும் ஒருத்தன். அடுக்குல இருக்கு, ஏத்துறேன்னு ஏத்தினேன். கையில வாங்கினவன் ஒரு தரம் பாத்திருக்கணும்ல? அவ முத்திரைய வெச்சிருந்தா என் தப்பு அந்தப் பிள்ளைங்க வயித்துக்குள்ள போயிருக்கும். ரெண்டு வருஷத்துல ஓய்வு எனக்கு. இப்பவே போறேன். துணி மடிக்கிறேன்."

அவர் குரல் உடைந்தது. அந்த மனிதர் குரல் உடைந்து அந்தத் தொழிற்சாலையில் எவரும் கேட்டதில்லை.

"பின்ன ஏண்ணே என்னப் பாத்தா ஓடினீங்க?" என்றாள் பாவ்லியென்.

"வெக்கமா இருந்துச்சும்மா. வேற என்ன?"

ஹான் அதற்குள் எட்டித் தட்டைப் பிடித்திருந்தாள். "நானும் அக்காகூடதான் சோதிச்சேன். அக்கா வெக்காதன்னு நானும் சொன்னேன். எம் பக்கம் திருப்புங்க." கோழி அவள் பக்கம் வந்தது. மெருகேற்றுகிற பெண் ஒருத்தி, "என் பையன் படிக்கிற பள்ளிக்கூடத்துல நம்ம குழாய்தான். ஒவ்வொரு தடவ போறப்பவும் குனிஞ்சு பாப்பேன்" என்று சொல்லித் தன் பக்கம் இழுத்தாள்.

"நீயுமா பாப்ப?" என்று பாவ்லியென் வாய் பிளந்தாள்.

"யாருதான் பாக்கல?" என்றார் பண்டகசாலைக்காரர். "எங்க மாமனார் சாவுல கூட சுடுகாட்டுக் குழாயக் குனிஞ்சு பாத்து அடி வாங்கினவன் நான்." என்று அவரும் ஒரு இழுப்பு இழுத்தார்.

பக்கத்து மேசைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் கோழியையும் சுற்ற ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து அதற்கடுத்த மேசை. கொஞ்ச நேரத்தில் கூடாரம் முழுக்கச் சுழல் தட்டுகள் கிறீச்சிட்டன. ஒரு மேசையில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் இறால் சூப் கணக்கரின் மடியில் கொட்டியது. "எனக்கு! எனக்குத் திருப்பு!" என்று கத்தினார்கள். வேலையை விட்டுப் போவதற்கு இத்தனை பேர் அடித்துக்கொண்டதை அந்தச் சுற்று வட்டாரத்திலேயே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதல் மேசையிலிருந்து ஷீ முதலாளி எழுந்து வந்தார். பின்னாலேயே லாயும் ஸின்பெய்யும். சத்தம் மெல்ல அடங்கியது. முதலாளி தட்டில் இருந்த கோழியைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், முகம் வெளிறிவிட்டது.

"தலைய வெட்டிட்டு வெக்கச் சொன்னேனே! எவன்டா தலையோட வெச்சது?"

அடுப்படியிலிருந்து அ-ஃபூவின் குரல் வந்தது. "தலை இல்லாத கோழிய வருஷக் கடைசியில வெச்சு என் பேரக் கெடுத்துக்கச் சொல்றீங்களா? வேற ஆளப் பாருங்க!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது: முதலாளி எதுவும் சொல்லி அனுப்பவில்லை. இத்தனை நாளும் அவர் எதுவுமே முடிவு செய்யவில்லை.

அது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். மேசையைச் சுற்றி இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் பாவ்லியெனிடம் வந்தார்.

"உன்ன அனுப்புறேன்னு நான் நினைக்கவே இல்ல. ஆனா அனுப்ப மாட்டேன்னும் சொல்லல. கப்பல் போயிடுமேன்னு மாடியில உக்காந்து வாய மூடிக்கிட்டு இருந்தேன். நான் சொல்ல வேண்டியத நீ சொன்ன. நான் நிக்க வேண்டிய எடத்துல நீ தனியா நின்ன."

"தனியா இல்ல முதலாளி" என்றாள் பாவ்லியென். சொல்லும்போதே அழுதுவிட்டாள், அழுததற்காகத் தன் மேலேயே கோபம் வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இப்பதான் தெரிஞ்சுது."

முதலாளி சுழல் தட்டைப் பிடித்துக் கோழியைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு யாரும் எதிர்பாராமல், அந்தத் தலையைத் திருகிப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டார். கொண்டையும் அலகுமாகக் கடகடவென்று மென்றார். எழுபது வயதுக்காரர், பாதிப் பல் கட்டின பல். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விடாமல் மென்றார். நூறு பேரும் அவர் விழுங்குகிற வரைக்கும் காத்திருந்தார்கள்.

"நாளைக்குக் காலையில எல்லாப் பெட்டியையும் திறக்கிறோம்" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு. "கப்பல் போனாப் போவட்டும். நானும் வர்றேன், எங்க உக்காரணும்னு பாவ்லியென் சொல்லுவா."

"பரிசுக் குலுக்கலு உண்டுல்ல முதலாளி?" என்று குன்சான் கேட்டார். அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் அப்போதுதான் வெடித்தது. ஸின்பெய் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். இலையுதிர் காலத்தில் தான் கேட்ட கேள்வியை அவள் அதற்கப்புறம் யாரிடமும் கேட்டதில்லை.

லாய் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் கவலை அவருக்கு.

"சரக்கு லேட்டுன்னு அவங்களுக்கு இன்னைக்கே எழுதியாகணும் முதலாளி. என்ன காரணம் போட? இயந்திரம் பழுதுன்னு போட்டுடவா? அது வழக்கமா எல்லாரும் போடுறதுதான்."

"பழுதும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் முதலாளி. "தப்பான பித்தளை கலந்துடுச்சுன்னு எழுது. சரக்கு ஏன் நின்னுச்சுன்னு கேட்டா, எங்க ஆளுங்க அனுப்ப விடலன்னு எழுது."

லாய் தலையை ஆட்டிக்கொண்டு எழுதப் போனார். பாவ்லியென் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது. கோழியின் ஒரு தொடையைப் பிய்த்து ஹான் தட்டில் வைத்தாள், இன்னொன்றை எடுத்துத் தான் கடித்தாள்.